ஆங்கிலத் தேர்வுத்தாளில் கடித அமைப்பு

தமிழ்த்துறை வெளியிடும் மலரில் ஆங்கிலக் கடிதத்தைப் பற்றிய கட்டுரைக்கு என்ன இடம் என்று பெரியோர் சிலர் வினவக்கூடும். வினவுதல் முறையே. ஆயினும் இப்பொருள்பற்றி எழுதும் கடப்பாடு ஆங்கிலத் துறையினரைக் காட்டிலும் நமக்கே மிகுதி என்று கருதுகிறோம். நம் மாணவர் ஆங்கிலத் தேர்வில் கடிதம் எழுதும்போது செய்யும் பிழைகளுள் பல, ஆங்கிலம் அறியாமையால் நேர்வன அல்ல. தமிழ் வகுப்பில் நாம் கற்பித்த கடித அமைப்பை அப்படியே ஆங்கிலத்தின்மேல் ஏற்றிவிடுவதால் நேர்வன. விதைத்தவர் நாமாக இருக்கையில் களையெடுக்கும் வேலையைப் பிறர் தலையில் சுமத்துவது நேர்மையாகாது.

நம்மிடம் பயின்று பட்டம் பெற்ற மாணவர் ஒருவர், வெளிநாட்டில் குடியேறும் நோக்குடன் ஐஇஎல்டிஎஸ் தேர்வை எழுதினார். ஆங்கிலத்தில் பிழையின்றி எழுத வல்லவர். தேர்வு முடிந்து நம் இல்லத்திற்கு வந்தபோது முகம் வாடியிருந்தது. கடித வினாவுக்கு அவர் என்ன எழுதினார் என்று கேட்டோம். முதலில் அனுப்புநர் முகவரி, அடுத்துப் பெறுநர் முகவரி, அதன்கீழ்ப் பொருள், இறுதியில் இடமும் நாளும், எல்லாவற்றுக்கும் பின் கட்டம் கட்டி உறைமேல் முகவரி! வினாவில் தரப்பட்டிருந்த மூன்று குறிப்புகளுள் மூன்றாவதை எழுத நேரம் எஞ்சவில்லை. அவர் எழுதிய முகவரிகளுக்கு அத்தேர்வில் ஒரு மதிப்பும் இல்லை. எழுதாமல் விட்ட மூன்றாவது குறிப்புக்கே மதிப்பு உண்டு. முகவரி எதுவும் எழுத வேண்டியதில்லை என்று அவ்வினாத்தாளிலேயே அச்சிடப்பட்டிருந்தது. பள்ளிப் பருவம் முதல் கைக்குப் பழகிப்போன அமைப்பு, கண் கண்டதையும் மறைத்துவிட்டது.

ஆகவே முதற்கண் அறிய வேண்டுவது, ஆங்கிலக் கடிதத்திற்கு உலகெங்கும் ஒரே அமைப்பு இல்லை என்பதே. எந்தத் தேர்வோ அந்தத் தேர்வின் அமைப்பு. இதனை அறியாதார் நன்கு எழுதியும் இழப்பர்.

நம் தமிழ்த் தேர்வில் நாம் கற்பிப்பது யாது? இடப்பக்கம் 'அனுப்புநர்' என்று தலைப்பிட்டுப் பெயரும் முகவரியும், அதன்கீழ்ப் 'பெறுநர்' என்று தலைப்பிட்டு அவர்தம் பதவியும் முகவரியும், பின்னர் 'ஐயா' என்னும் விளி, 'பொருள்' என்னும் ஒருவரிச் சுருக்கம், 'வணக்கம்' என்று தொடங்கும் உள்ளடக்கம், 'நன்றி', வலப்பக்கம் 'இப்படிக்கு, தங்கள் உண்மையுள்ள', இடப்பக்கம் இடமும் நாளும், ஈற்றில் உறைமேல் முகவரி. இவ்வமைப்பு நல்லதே, அலுவலகத்தில் விண்ணப்பத்தைக் கையிலெடுக்கும் எழுத்தர், யார் யாருக்கு எழுதியது என்பதை ஒரு நொடியில் காண்பதற்கு இதனினும் எளிய வழி இல்லை. தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் ஆங்கிலக் கடிதமும் 'ஃப்ரம்', 'டூ' என்னும் தலைப்புகளோடு இதே எலும்புக்கூட்டின்மீதுதான் எழுதப்பட்டு வருகிறது. அத்தேர்வை எழுதுவோர் அதனையே பின்பற்றுக. மதிப்பெண் அங்கேதான் உள்ளது.

பிரித்தானிய மரபில் வந்த கடிதத்தின் தோற்றம் வேறு. அதில் 'ஃப்ரம்' என்றோ 'டூ' என்றோ தலைப்புகள் இல்லை. பழைய முறையில் எழுதுபவரின் முகவரி வலப்பக்க மேல்மூலையில் அமையும். அவர்தம் பெயர் அங்கு வராது. நம் மாணவரைத் திகைக்கவைக்கும் இடம் இதுவே. பெயரில்லாத முகவரி எப்படி என்பர். பெயர் கடிதத்தின் அடியில், கையொப்பத்தின்கீழ் வரப்போகிறது. ஒரே பெயரை இருமுறை சொல்லுதல் வேண்டா என்பது அவர்கள் கணக்கு. முகவரியின்கீழ் நாள். பின்னர் இடப்பக்கம் பெறுபவரின் பெயர் அல்லது பதவி, முகவரி. அதன்பின் விளி, விளியின்கீழ் ஒரு தலைப்புவரி, உள்ளடக்கம், முடிப்புரை, கையொப்பம், தெளிவாக எழுதிய பெயர். தட்டச்சும் கணினியும் பரவியபின் எல்லாவற்றையும் இடப்பக்க ஓரத்திலிருந்தே தொடங்கும் முறை பெருவழக்காயிற்று. அம்முறையில் பத்திகளின் முதல்வரியை உள்ளே தள்ளுவதில்லை. பத்திக்கும் பத்திக்கும் இடையே ஒருவரி வெற்றிடம் விடப்படும். இரண்டுள் எதனையும் எழுதலாம். முகவரியை ஒருமுறையிலும் பத்தியை மறுமுறையிலும் எழுதிக் கலப்பதுதான் தேர்வாளர் கண்ணை உறுத்தும்.

பொருள்வரி எங்கே வரவேண்டும் என்பது நம் ஊரில் ஓயாத வழக்கு. பிரித்தானிய மரபில் அது விளிக்குப் பின். இந்தியப் பள்ளிகளில் விளிக்கு முன்னரும் எழுதுவர், பின்னரும் எழுதுவர். பாடநூல் காட்டும் இடத்தில் எழுதுக என்பதற்குமேல் இதில் வாதிட ஒன்றுமில்லை.

நாளைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். தமிழ்க் கடிதத்தில் நாள் அடியில் நிற்கிறது. ஆங்கிலக் கடிதத்தில் மேலே நிற்கிறது. இரு பழக்கமும் கலந்த நம் மாணவர் மேலும் கீழும் இரண்டு இடத்தில் எழுதுகின்றனர். ஒருவர் மேலே ஒரு நாளும் கீழே மறுநாளும் எழுதியிருந்ததைக் கண்டிருக்கிறோம். கடிதம் எழுதி முடிக்க நள்ளிரவு ஆயிற்றுப் போலும்! அன்றியும், 5-6-2024 என எண்ணால் எழுதினால் பிரித்தானியருக்கு அது ஜூன் திங்கள் ஐந்தாம் நாள். அமெரிக்கருக்கு மே திங்கள் ஆறாம் நாள். திங்களின் பெயரைச் சொல்லால் எழுதிவிட்டால் இவ்விடர் இல்லை.

இனி விளிக்கும் முடிப்புரைக்கும் வருவோம். கடித அமைப்பின் உயிர்நிலை இவ்விடத்திலேதான் உள்ளது என்பது நம் துணிபு; முகவரி எழுதத் தேவையில்லாத தேர்வுகளிலும் இவை இரண்டும் இன்றிக் கடிதம் இல்லை.

சிலப்பதிகாரத்தில், ஊரை நீங்கி மதுரை நோக்கிச் செல்லும் கோவலனிடம் கோசிகமாணி என்னும் அந்தணன் மாதவியின் ஓலையைச் சேர்ப்பிக்கும் நிகழ்ச்சி புறஞ்சேரி இறுத்த காதையில் வருகிறது. கோவலன் அதனைப் படிக்கிறான். குற்றம் மாதவியினது அன்று, தன்னதே என உணர்கிறான். பின்னர் அந்த ஓலையின் பொருள் தன் பெற்றோர்க்குத் தான் எழுதக்கூடியதாகவும் பொருந்துகிறது எனக் கண்டு, அதனையே அவர்களிடம் கொண்டுசேர்க்குமாறு கோசிகமாணியிடம் கொடுத்துவிடுகிறான். காதலி காதலனுக்கு எழுதிய ஓலை மகன் பெற்றோருக்கு விடுக்கும் ஓலையாகிறது! விளிக்கப்பட்டவர் இன்னார் என்று குறிக்கும் சொல் அதில் இல்லாமையும், பணிவு மட்டுமே அதில் நிறைந்திருந்தமையும் இதற்கு இடந்தந்தன. காப்பியத்தில் இது பெருஞ்சுவை. தேர்வுத்தாளில் இதுவே பெருங்குறை. வங்கி மேலாளருக்கு எழுதிய கடிதத்தை ஒரு சொல்லும் மாற்றாமல் நண்பனுக்கு அனுப்பலாம் என்றால், எழுதியவருக்கு யாரிடம் பேசுகிறோம் என்பது தெரியவில்லை என்றே தேர்வாளர் முடிவு செய்வார்.

ஆங்கிலத்தில் இந்த 'யாரிடம்' என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. பெறுபவரின் பெயர் தெரியாதபோது 'டியர் சர்' அல்லது 'டியர் சர் ஆர் மேடம்' என்று தொடங்கி 'யுவர்ஸ் ஃபெய்த்ஃபுலி' என்று முடித்தல் வேண்டும். பெயர் தெரிந்து 'டியர் மிஸ்டர்' என்றோ 'டியர் டாக்டர்' என்றோ பெயரோடு தொடங்கினால் 'யுவர்ஸ் சின்சியர்லி' என்று முடித்தல் வேண்டும். நண்பருக்காயின் பெயரை மட்டும் விளித்து, 'பெஸ்ட் விஷஸ்' போன்ற தொடரால் முடிக்கலாம். தலையும் வாலும் பொருந்துதல் என்று இதனை வகுப்பில் சொல்வோம். அமெரிக்கர் இப்பாகுபாட்டைப் பெரிதும் கொள்ளார். இருவகைக்கும் 'சின்சியர்லி' போதும் என்பர். அலுவல் கடிதத்தில் விளிக்குப்பின் காற்புள்ளிக்கு மாறாக முக்காற்புள்ளி இடுவர். பிரித்தானிய மரபில் வந்த தேர்வுகளில் மேற்சொன்ன கணக்கே பாதுகாப்பு.

'டியர்' என்னும் சொல்லில் நம் மாணவர்க்கு ஒரு கூச்சம் உண்டு. தலைமையாசிரியரை 'அன்பே' என்று அழைப்பதா என்று முதலாண்டு மாணவர் ஒருவர் நம்மிடமே கேட்டார். மரியாதையில் தோன்றிய ஐயம் அது; நகைக்கத்தக்கதன்று. ஆங்கிலக் கடிதத்தின் தொடக்கத்தில் அச்சொல் அன்பைக் குறிப்பதன்று. கதவைத் தட்டும் ஒலி போன்ற ஒரு வழக்கு மட்டுமே. கூச்சத்தைத் தீர்க்க நம் நாட்டார் கண்ட வழிதான் 'ரெஸ்பெக்டெட் சர்'. 'மதிப்பிற்குரிய ஐயா' என்பதன் நிழல் அது. இந்தியப் பள்ளித் தேர்வில் அது ஏற்கப்படுகிறது. இந்தியாவுக்கு வெளியே வைக்கப்படும் அளவுகோலில் அது வழக்கில்லாத தொடர். அங்கு 'டியர்' என்று எழுதுவதால் யாருடைய மதிப்பும் குறைந்துவிடாது என்பதைப் பெரியோரும் பிள்ளைகளுக்குச் சொல்லலாம்.

மிஸ்டர் என்பது ஆங்கிலேயரின் குடும்பப் பெயரோடு சேர்வது, முதற்பெயரோடு சேராது. ஜான் ஸ்மித் என்பவரை 'டியர் மிஸ்டர் ஸ்மித்' என்க. 'டியர் மிஸ்டர் ஜான்' என்னற்க. நமக்குக் குடும்பப்பெயர் இல்லை. தந்தை பெயரின் தலையெழுத்தும் இடப்பட்ட பெயருமே உண்டு. எனவே தமிழர் ஒருவருக்கு எழுதுகையில் இடப்பட்ட பெயரே அவ்விடத்தில் நிற்கும்.

முடிப்புரையில் இரண்டு பிழைகள் புற்றுப்போல் வளர்ந்துள்ளன. 'யுவர்ஸ்' என்பதில் இறுதி எழுத்துக்கு முன் மேற்புள்ளி இடுவது ஒன்று. அச்சொல்லுக்கு அக்குறி இல்லை. இரண்டாம் சொல்லையும் பெரிய எழுத்தால் தொடங்குவது மற்றொன்று. முதற்சொல்லுக்கு மட்டுமே பெரிய எழுத்து. நம் மொழியில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்னும் பாகுபாடே இல்லையாதலின் இதில் நம் கண் தவறுகிறது. இளங்கலைப் படிப்பில் நாமே அந்த மேற்புள்ளியை மூன்று பருவமும் இட்டு வந்தோம். திருத்தியவர் ஒவ்வொரு முறையும் அரை மதிப்பெண்ணைக் குறைத்தாரேயன்றிக் காரணத்தைச் சொல்லவில்லை. காரணத்தைக் கேட்கும் துணிவும் அன்று நமக்கில்லை. நான்காம் பருவத்தில் நூலகத்தில் ஒரு பழைய கடிதநூலைப் புரட்டியபோதுதான் அரை மதிப்பெண்ணின் மறைபொருள் விளங்கிற்று.

'தேங்கிங் யூ' என்பதும் அவ்வாறே. அது முற்றுப்பெறாத எச்சம். 'தங்களுக்கு நன்றி கூறிக்கொண்டு' என்று நிறுத்திவிட்டால் தமிழிலும் செவி அடுத்த சொல்லைத் தேடுமல்லவா? முன்னாளில் 'நன்றி கூறிக்கொண்டு, தங்கள் உண்மையுள்ள ஊழியனாக நிற்கிறேன்' என்பதுபோல் வாக்கியம் முடிப்புரைக்குள் ஓடி நிறைவுற்றது. வால் அறுந்து எச்சம் மட்டும் நம்மிடம் தங்கிவிட்டது. முற்றுப்புள்ளி வைப்பதாயின் 'தேங்க் யூ' என்று முற்றாகவே எழுதிவிடலாம்.

நண்பர்க்கும் உறவினர்க்கும் எழுதும் கடிதம் வேறொரு நிலம். நம் சிறுவயதில், தெருவில் பல வீட்டு ஆடவர் வளைகுடாவிலும் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் தொழில் செய்தனர். எழுதத் தெரியாத பெரியம்மாக்களும் மாமிமாரும் மாலைவேளையில் நம்மை அழைத்துத் திண்ணையில் அமர்த்தி, வானஞ்சல் தாளைக் கையில் தந்து கடிதம் சொல்வர். 'அஸ்ஸலாமு அலைக்கும்' என்று எழுதச் சொல்லிவிட்டு, 'இங்கு யாவரும் நலம், அங்கு உங்கள் நலமறிய ஆவல்' என்று ஒரு மூச்சில் சொல்லி முடித்தபின்தான் நெஞ்சிலுள்ளது வெளிவரும். பணம் வந்து சேர்ந்ததா இல்லையா, கூரை ஒழுகுகிறது, பெண்ணைப் பார்க்க வந்தார்கள் என்பன யாவும் அதற்குப் பின்னரே. அந்த நலம்கேட்டல் வெறும் சடங்கன்று. கடல்கடந்து கிடப்பவனுக்கு முதலில் வேண்டுவது வீட்டார் உயிருடன் நலமாய் உள்ளனர் என்னும் செய்தி. தந்தியைக் கண்டு நடுங்கிய காலத்தின் அமைப்பு அது.

அந்த அமைப்பை மாணவர் ஆங்கிலத்திலும் எழுதுகின்றனர். நண்பர் கடிதத்தில் ஒருவரி நலம் விசாரித்தல் தவறன்று, ஆங்கிலேயரும் விசாரிப்பர். வினாவோ 150 சொற்களைக் கேட்கும்போது 40 சொற்களை நலம் விசாரிப்பதில் செலவிடுவதுதான் தவறு. அலுவல் கடிதத்தில் அந்த ஒருவரியும் ஆகாது. 'வணக்கம்' என்பதற்கு ஈடாக விளியின்கீழ் 'குட் மார்னிங்' என்று எழுதும் வழக்கமும் கூடாது. கடிதம் எப்பொழுது படிக்கப்படும் என்பதை யார் அறிவர்? அலுவல் கடிதத்தின் முதல் வாக்கியம் எதற்காக எழுதுகிறோம் என்பதைச் சொல்லிவிடவேண்டும். நண்பர்க்கு எழுதும் கடிதத்தில் பெறுபவர் முகவரி உள்ளே எழுதப்படுவதில்லை என்பதையும் இங்கே குறித்துக்கொள்க.

ஐஇஎல்டிஎஸ் தேர்வுக்குத் திரும்புவோம். 1989-இல் தொடங்கிய இத்தேர்வில் இருபிரிவுகள் உண்டு. கல்விப் பிரிவில் கடிதம் இல்லை. அங்கு வரைபடத்தையோ அட்டவணையையோ விளக்கி எழுதவேண்டும். பொதுப்பயிற்சிப் பிரிவில்தான் முதல் வினா கடிதம். எழுத்துத் தேர்வுக்கு மொத்தம் 60 நிமிடம். கடிதத்திற்கு 20 நிமிடம் செலவிடுமாறு வினாத்தாளே சொல்கிறது. குறைந்தது 150 சொற்கள். இரண்டாம் வினாவாகிய கட்டுரைக்கு இருமடங்கு மதிப்பு. ஒரு சூழலும் மூன்று குறிப்புகளும் தரப்படும். எவ்வாறு விளித்துத் தொடங்கவேண்டும் என்பதும் காட்டப்படும். முகவரி வேண்டா, பொருள்வரி கட்டாயமன்று, நாளும் வேண்டுவதில்லை. அப்படியாயின் அமைப்பு என்று அங்கு எதனைப் பார்ப்பர்? நோக்கம் தொடக்கத்திலேயே தெளிவாயிற்றா, மூன்று குறிப்புகளும் விரிக்கப்பட்டனவா, பத்திகள் முறையாகப் பிரிந்தனவா, தொனி தொடக்கம் முதல் முடிவுவரை ஒன்றாக நின்றதா என்பவற்றையே பார்ப்பர். தொனியைப் பற்றி அத்தேர்வின் மதிப்பீட்டு விளக்கங்களிலேயே சொல்லப்பட்டுள்ளது. 'டியர் சர்' என்று தொடங்கி நடுவில் நண்பனிடம் பேசுவதுபோல் சுருக்கச்சொற்களை இறைத்து, 'வித் லவ்' என்று முடித்தால் முகவரி எவ்வளவு அழகாக இருந்தும் பயனில்லை. விளிக்கு ஒருவரி, நோக்கத்திற்கு ஒரு சிறுபத்தி, குறிப்பு ஒன்றுக்கு ஒரு பத்தி, எதிர்பார்ப்பைச் சொல்லும் ஓர் இறுதிவரி, முடிப்புரை. இவ்வளவே.

மருத்துவரும் செவிலியரும் எழுதும் ஓஇடி தேர்வில் நிலைமை நேர்மாறு. அங்குக் கடிதமே எழுத்துத் தேர்வு முழுவதும். நோயாளியைப் பற்றிய குறிப்புகள் தரப்படும்; படிக்க 5 நிமிடம், எழுத 40 நிமிடம்; உள்ளடக்கம் ஏறக்குறைய 180 முதல் 200 சொற்கள். பெறுபவர் பெயரும் முகவரியும் வினாவில் உள்ளவாறே மேலே வரவேண்டும், நாள் வேண்டும், நோயாளி இன்னார் என்று சொல்லும் தலைப்புவரி வேண்டும். அமைப்பும் தோற்றமும் அங்குத் தனியொரு மதிப்பீட்டுக் கூறாகவே வைக்கப்பட்டுள்ளன. காரணம் எளிது. இரவுப்பணியிலுள்ள மருத்துவர் அக்கடிதத்தைக் கையிலெடுத்தால், எந்த நோயாளி, எதற்காக அனுப்பப்பட்டார், இப்போது செய்யவேண்டியது என்ன என்பவை முதல் நான்கு வரிகளில் கண்ணிற்படவேண்டும். குறிப்புகள் யாவற்றையும் எழுதிவிடுவது அங்குக் குற்றம். வேண்டுவதைத் தெரிந்தெடுத்தலே திறம். நம் சமுதாயத்தின் பெண்மக்கள் செவிலியர் படிப்பை நாடிவரும் காலம் இது. ஐஇஎல்டிஎஸ் பயிற்சியில் கற்ற முகவரியில்லாக் கடிதத்தை அவர்கள் இங்கு எழுதிவிடலாகாது.

இன்னுமொன்று சொல்லவேண்டியுள்ளது. பொதுத்தேர்வுகளில் மாணவர் தம்மை இன்னார் என்று காட்டிக்கொள்ளுதல் கூடாது. வினாவில் ஒரு பெயர் தரப்பட்டிருந்தால் அப்பெயரையே எழுதவேண்டும். தரப்படாதவிடத்துத் தமிழ்நாட்டு மாணவர் மூன்று எக்ஸும் மூன்று ஒய்யும் எழுதுவது இதனாலேதான். கடிதம் உண்மைபோல் இருக்கவேண்டும் என்று நாம் வகுப்பில் வற்புறுத்தியதைக் கேட்டு, மாதிரித்தேர்வில் ஒரு மாணவர் தம் சொந்தப் பெயரையும் வீட்டு முகவரியையும் எழுதி, அதன்கீழ்த் தந்தையாரின் கைபேசி எண்ணையும் சேர்த்திருந்தார். மதிப்பெண் குறைந்தால் அந்த எண்ணுக்கு அழைக்கவேண்டும் என்பது அவர் விருப்பமா என்று கேட்டோம். வகுப்பு சிரித்தது, அவரும் சிரித்தார், மறுவாரத் தாளில் மூன்று எக்ஸும் தத்தம் இடத்தில் இருந்தன.

தொடக்கத்தில் சொன்ன மாணவர் ஆறு திங்கள் கழித்து அத்தேர்வை மீண்டும் எழுதினார். இம்முறை முகவரி எழுதவில்லை. மூன்று குறிப்புகளையும் முடித்தபின் நான்கு நிமிடம் மிச்சமிருந்ததாகவும், அந்நேரத்தில் 'யுவர்ஸ்' என்பதில் மேற்புள்ளி உள்ளதா என்று இருமுறை பார்த்ததாகவும் சொன்னார்.